அணைக்கரையில் ஒரு வழக்கு

வைகை அணைக்கு நான் என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனதில் ஓர் உள்நோக்கம் இருந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

வருகிற ஐப்பசியில் எங்களுக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம். 'எங்கேயாவது போகலாமே' என்று நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். கொடைக்கானல், மிஞ்சிப் போனால் மூணாறு என்று பதில் வரும் என்பது என் கணக்கு. அவள் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஜப்பான்" என்றாள்.

கம்பத்தில் அவள் பிறந்த வீட்டுச் சுவரில் ஒரு பாத்திரக்கடை காலண்டர் தொங்கியதாம். ஏரிக்கரை, அதில் சிவப்புச் சிவப்பாய் இலை கொண்ட மரங்கள். வருஷம் முடிந்து தேதித் தாள் எல்லாம் போன பிறகும் அவள் அம்மா அந்தப் படத்தை மட்டும் வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருந்தார். அது ஜப்பான் என்று யார் சொன்னது என்பது இப்போது அவளுக்கே நினைவில்லை. "அந்த மாதிரி மரத்தடியில பத்து நாள் சும்மா உட்காரணுங்க. ஊர் சுத்தல்லாம் வேணாம். ஒரே ஊரு. காலைல யாரும் எழுப்பக் கூடாது. அவ்வளவுதான்."

விசாரித்தேன். கியோட்டோவில் இலைகள் நன்றாகச் சிவப்பது நவம்பர் நடுவிலிருந்து மாதக் கடைசி வரை. அதாவது ஐப்பசி முடிந்து கார்த்திகை பிறக்கிற சமயம். நம் முன்னோர் இந்த இரண்டு மாதத்தையும் சேர்த்துக் கூதிர் என்றார்கள். நமக்கு அது மழையும் குளிரும். இலை உதிர்கிற வேலையை நம்மூர் மரங்கள் பெரும்பாலும் மாசி, பங்குனியில் வைத்துக்கொள்கின்றன, அதுவும் இத்தனை ஆர்ப்பாட்டமில்லாமல். ஒரு டிராவல்ஸ்காரர் ஏழு நாளில் ஐந்து நகரம் என்று ஒரு பேக்கேஜை நீட்டினார். 'பத்து நாள், ஒரே ஊர், சும்மா உட்கார' என்றதும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். எல்லாம் சேர்த்து இரண்டு பேருக்கு நாலு லட்சத்தைத் தாண்டியது.

அன்றைக்குத்தான் என் மனசாட்சி விழித்துக்கொண்டது.

கம்பத்தில் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, ஆண்டிபட்டி தாண்டுவதற்கு முன்னால் வண்டியை அணைப் பக்கம் திருப்பச் சொன்னேன். காமராஜர் 1959-ல் திறந்து வைத்த அணை. 71 அடி வரை தண்ணீர் தேக்கலாம். இரண்டு கரையிலும் பூங்கா, நடுவில் ஒரு சின்னப் பாலம், எதிரே மலை. கல்யாணமான புதிதில் இதே இடத்தில் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். ஜிலேபி மீன் வறுவல் வாங்கிக்கொண்டு ஒரு மரத்தடியில் உட்கார்ந்தோம். காற்று நன்றாக வந்தது. 'நம்ம ஊர்ல இல்லாததா அங்கே இருக்கு?' என்று அவளாகவே சொல்லிவிடுவாள் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. நானே ஆரம்பித்தேன்.

"இந்த நாலு லட்சத்துல எத்தனை ஏழைப் பிள்ளைங்களுக்கு காலேஜ் ஃபீஸ் கட்டலாம், யோசிச்சியா?"

இந்தக் கேள்வி என் சொந்தச் சரக்கில்லை. பீட்டர் சிங்கர் என்ற ஆஸ்திரேலியத் தத்துவப் பேராசிரியர், கிழக்கு வங்காளத்திலிருந்து லட்சக்கணக்கான அகதிகள் இந்தியாவுக்குள் வந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு கட்டுரை எழுதினார். 1972-ல் வெளியானது. நீங்கள் ஒரு குளத்தைக் கடந்து போகிறீர்கள். குழந்தை ஒன்று மூழ்கிக்கொண்டிருக்கிறது. இறங்கினால் உடுப்பு சேறாகும், அவ்வளவுதான். இறங்குவீர்களா, மாட்டீர்களா? இறங்குவீர்கள் என்றால், பத்தாயிரம் மைல் தள்ளிச் சாகிற குழந்தைக்கு மட்டும் ஏன் காசு அனுப்ப மாட்டேன் என்கிறீர்கள்? தூரம் என்பது ஒரு நியாயமா? அரை நூற்றாண்டாக அந்தக் கேள்விக்கு ஆளாளுக்குப் பதில் எழுதிப் பார்க்கிறார்கள். யாராலும் அதைச் சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. நானும் அதைத்தான், கொஞ்சம் உள்ளூர் மசாலா தடவி, அவள் முன்னால் வைத்தேன். விமானம் கக்குகிற புகையையும் சேர்த்துக்கொண்டேன்.

அவள் பொறுமையாக முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"தை மாசம் உங்க அறுபதாம் கல்யாணத்துக்கு மண்டபம் பேசியிருக்கீங்களே, மொத்தம் எவ்வளவு ஆகும்னு சொன்னீங்க?"

"அது வந்து... ஆறு லட்சம் ஆகும்."

"அப்போ அந்தப் பிள்ளைங்க ஞாபகம் வரலியா?"

வரவில்லை. உண்மையிலேயே வரவில்லை. நானூறு பேருக்கு இலை போட்டு, அதில் முந்நூறு பேர் பாயசத்துக்கு முன்பே எழுந்து ஓடப்போகிற ஒரு விருந்துக்கு ஆறு லட்சம் என்று எழுதியபோது என் பேனா நடுங்கவில்லை. அது கடமை என்ற தலைப்பில் போய்விட்டது. அவள் கேட்டது மட்டும் ஆடம்பரம் என்ற தலைப்பில் வந்து உட்கார்ந்தது. நம்மில் பலர் வீட்டுக் கணக்கு இப்படித்தான் இருக்கிறது. ஊர் பார்க்கச் செலவழித்தால் கௌரவம். இரண்டு பேர் மட்டும், யாரும் பார்க்காமல், சந்தோஷமாக இருக்கச் செலவழித்தால் ஊதாரித்தனம்.

சிங்கர் சொல்வது தவறு என்று நான் சொல்லவில்லை. அவருடைய வாதம் ஜப்பானோடு நிற்காது. மண்டபத்தையும் கேட்கும், என் கையிலிருந்த மீன் வறுவலையும் கேட்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு மனைவி ஆசைப்படும்போது மட்டும் உறையிலிருந்து உருவினால், அதற்குப் பெயர் மனசாட்சி இல்லை. வள்ளுவர் நன்றியில் செல்வம் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். தானும் அனுபவிக்காமல் தகுந்தவருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதை அதில் ஒரு நோய் போலப் பேசுகிறார். அனுபவிப்பதை ஒழித்துவிட்டுக் கொடு என்று அவர் கேட்கவில்லை என்பதை, சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்குத்தான் கவனித்தேன்.

அவள் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தண்ணீருக்கு அடியில் ஊர்கள் இருக்கின்றன. அணைக்காக வீட்டையும் காட்டையும் விட்டுக் கிளம்பிய ஜனங்களின் கதைதான் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்'. 2003-ல் சாகித்ய அகாதமி விருது பெற்றது. மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரைக்கும் தண்ணீர் போக வேண்டும் என்றால் யாராவது விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும், சரி. ஆனால் விட்டுக்கொடு என்று யாரிடம் போய்க் கேட்கிறோம்? ஏற்கெனவே விட்டுக்கொடுத்துப் பழகியவர்களிடம். ஊருக்கு அப்படி என்றால் குடும்பத்துக்கும் அப்படித்தான். முப்பது வருஷத்தில் என் வீட்டில் எதையாவது குறைக்க வேண்டி வந்தபோதெல்லாம் முதலில் குறைந்தது எது என்று யோசித்துப் பார்த்தேன். பட்டியல் நன்றாக இல்லை.

"எங்கம்மா தினம் எல்லை தாண்டிப் போச்சு தெரியுமா?" என்றாள் திடீரென்று.

தெரியும். விடிவதற்குள் சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, குமுளி வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டுகிற நேரத்துக்குத் திரும்புவார் என் மாமியார். கம்பத்துப் பெண்கள் இன்றைக்கும் அப்படிப் போகிறார்கள். மலை, மஞ்சு, குளிர் என்று சுற்றுலாப் பயணிகள் காசு கொடுத்துப் பார்க்கிற எல்லாம் அவர் கண்ணெதிரே இருந்தது. ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. குனிந்து காய் எடுக்கிற வேலை.

"எனக்கும் அப்படித்தாங்க. நம்ம மைசூர் போனோம், ஊட்டி போனோம். நான் என்ன பார்த்தேன்? புளியோதரை கட்டினேன். ஈரத் துணி காயப் போட்டேன். யாருக்கு மாத்திரை, யாருக்கு வெந்நீருன்னு பார்த்தேன். எனக்கு வேலையே இல்லாத ஒரு இடத்துல போய் இருந்து பார்க்கணும். இங்க உட்கார்ந்தாலும் வீட்டுக்குப் போய் மாவாட்டணுமேன்னுதான் ஓடுது."

உங்களிடம் ஒரு கேள்வி. ரிலாக்ஸாக ஒரு டூர் என்று நாம் சொல்லும்போது, அதில் ரிலாக்ஸ் ஆவது யார்?

நான் பேசவில்லை. மீன் ஆறிப்போயிருந்தது.

"பிள்ளைங்களுக்குக் குடுக்கணும்னா குடுங்க, நான் வேணாம்னு சொல்லலை. போறதுக்குப் பதிலான்னு சொல்லாதீங்க."

மண்டபத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அட்வான்ஸில் பாதி போயிற்று. சொந்தக்காரர்களில் இரண்டு பேர் இன்னும் பேசவில்லை. மிச்சத்தில் ஒரு பங்கு ஃபீஸுக்கு என்று ஒதுக்கியிருக்கிறது. அது போதுமா என்று கேட்டால் சிங்கர் போதாது என்பார், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ராத்திரி உட்கார்ந்து திட்டம் போட்டோம். ஒரே ஊர், ஒரே ரூம். நடந்து போகிற தூரத்தில் ஒரு மரத்தடி. பார்க்க வேண்டிய இடங்கள் என்ற இடத்தில் அவள் கோடு போட்டுவிட்டாள். இலை எப்படிச் சிவக்கிறது என்று படித்ததைச் சொன்னேன். மஞ்சள் முதலிலிருந்தே இலைக்குள் இருப்பதுதான், பச்சை கலைந்ததும் வெளியே தெரிகிறது. சிவப்பு அப்படியில்லை, உதிர்வதற்கு முன்னால் இலை அதைப் புதிதாக உண்டாக்குகிறது. "அப்படியா!" என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில், கொஞ்சம் தயங்கித்தான் கேட்டேன்: "ஒரு சின்ன டப்பால புளிக்காய்ச்சல் மட்டும் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கலாமே" என்றாள். "நீங்க காய்ச்சினா."