படுத்திருப்பவரிடம் கேளுங்கள்

காலை ரவுண்ட்ஸில் எல்லா ஊரிலும் ஒரு வழக்கம் உண்டு. பெரிய டாக்டர் கட்டிலருகே வந்து நிற்பார். பின்னால் பி.ஜி. மாணவர்கள், ஹவுஸ் சர்ஜன், கேஸ் ஷீட்டோடு நர்ஸ். "நைட்டு ஜுரம் இருந்துச்சா? மோஷன் போனாங்களா?" என்று கேட்பது துணைக்கு நிற்கும் மகனிடம். ஜுரம் யாருக்கோ அந்த அம்மா முழு நினைவோடு அங்கேயே படுத்திருப்பார். பிறகு டாக்டர்கள் தங்களுக்குள் ஆங்கிலத்தில் பேசிக்கொள்வார்கள். அதில் ஒரு சொல் அவர் காதில் விழுந்துவிட்டால் அன்றைய தூக்கம் போயிற்று.

டாக்டர்கள் இதமாகப் பேசுவதில்லை என்ற பொதுவான குறை எனக்குப் பெரிதில்லை. தேனாகப் பேசிவிட்டு பில்லை நீட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நோயாளியை அவருடைய கட்டிலிலேயே மூன்றாம் மனிதராக்குவதுதான் உறுத்துகிறது.

நேரமில்லை என்பது பொய்யல்ல. 67 நாடுகளின் தகவல்களைத் தொகுத்து 2017-இல் வந்த ஓர் ஆய்வின்படி, ஸ்வீடனில் டாக்டர் ஒரு நோயாளிக்குச் சராசரியாக 20 நிமிடங்களுக்கு மேல் ஒதுக்குகிறார். இந்தியாவில் சுமார் 2 நிமிடங்கள். நம் ஓ.பி. வரிசையில் நின்றவர்களுக்கு இது ஆச்சரியமில்லை. ஆனால் இருக்கிற நேரத்திலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் முதுகெலும்பு அறுவை செய்துகொண்டவர்களை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2012-இல் வெளியானது. ஒரே டாக்டர் சிலரிடம் நின்றபடியும் சிலரிடம் உட்கார்ந்தும் பேசினார். இருந்த நேரத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் உட்கார்ந்தபோது அதிக நேரம் இருந்தார் என்றே நோயாளிகள் சொன்னார்கள். வார்டில் ஸ்டூலுக்கா பஞ்சம்? (அதன்மேல் நம் பையும் பிளாஸ்க்கும் இருக்கும். எடுத்துவிட்டால் ஆயிற்று.)

கேட் கிரேஞ்சர் இங்கிலாந்தில் முதியோர் நல மருத்துவர். 2011-இல் அவருக்கே அரிய வகைப் புற்றுநோய் வந்தது. வலியோடு தனியாகப் படுத்திருந்தவரிடம் ஓர் இளம் டாக்டர் வந்தார். கூட யாராவது இருக்கட்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. ஸ்கேனில் நோய் பரவியிருப்பது தெரிகிறது என்று சொல்லிவிட்டு, எப்போது கிளம்பலாம் என்று தவித்தார். கிரேஞ்சரே இதைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். 2013-இல் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, வந்து பார்த்தவர்கள் பலர் தங்கள் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பதைக் கவனித்தார். வணக்கம் சொல்லி, பெயரைச் சொல்லிப் பேச்சைத் தொடங்குங்கள் என்று ஓர் இயக்கத்தையே ஆரம்பித்தார். அது பிரிட்டிஷ் மருத்துவமனைகள் எங்கும் பரவியது. 2016-இல் இறந்தபோது அவருக்கு வயது 34.

நம் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்திலும் நோயாளியிடம் பேசுவது 2019 முதல் தனிப் பயிற்சியாக இருக்கிறது. நல்லதுதான். ஆனால் மாணவருக்கு இந்தப் பழக்கம் படிவது ரவுண்ட்ஸில். சீஃப் நின்றுகொண்டே மகனிடம் கேட்டால், இவரும் ரிட்டயர் ஆகும்வரை அப்படித்தான் கேட்பார்.

பழியை டாக்டர்கள் தலையிலேயே கட்டிவிடவும் முடியாது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்" என்று வராந்தாவில் மறித்துக்கொண்டு நிற்பது நாம்தானே. என் சித்தியின் பயாப்ஸி ரிப்போர்ட் வந்த அன்று நானும் அங்கேதான் நின்றேன். வந்த டாக்டர் சின்னப் பெண். என்னைத் தாண்டிப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரிப்போர்ட் வந்திருக்கும்மா. விவரத்த உங்ககிட்டயே சொல்லட்டுமா, இல்ல பையன்கிட்ட சொல்லட்டுமா?"

"எங்கிட்டயே சொல்லும்மா. இவன் சும்மாவே பயந்துக்குவான்" என்றார் சித்தி.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் திருப்பிக் கேட்டவை இரண்டுதான். ஆபரேஷனுக்கு எவ்வளவு ஆகும்? ஆடி முடிவதற்குள் வீட்டுக்குப் போய்விடலாமா?