எழுதிக் கொடுக்கச் சொல்!

தம்பி, மூன்றாவது மாடிச் சாரத்தில் ஒற்றைக் காலை ஊன்றி நின்று கான்கிரீட்டைத் துளைக்கிறாய். தூசி கண்ணை மறைக்கிறது, தோள்வரை அதிர்கிறது, கீழே எட்டிப் பார்த்தால் அடுத்தவனுக்குத் தலை சுற்றும். உனக்குச் சுற்றுவதில்லை. அப்படிப்பட்ட நீ, எரிந்துபோன டிரில் மெஷினை மஞ்சப் பையில் போட்டுக்கொண்டு சர்வீஸ் சென்டர் படியேறும்போது மட்டும் ஏன் சுருங்கிப் போகிறாய்? "அண்ணே, கொஞ்சம் பாத்துச் செய்ங்கண்ணே" என்று குழைகிறாய். அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல், "ஓவர்லோடு. வாரண்டி வராது" என்கிறார். நீயும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறாய்.

நிமிர்ந்து நில்! நீ தானம் கேட்கப் போகவில்லை. வாரண்டிக்கான காசை மெஷின் வாங்கிய அன்றே எண்ணி வைத்துவிட்டாய். விலைக்குள் அதுவும் அடக்கம். ஆறு மாதமோ ஒரு வருடமோ குறையில்லாமல் ஓடும் என்று வாக்குக் கொடுத்தது நிறுவனம். வாக்குக் கொடுத்தவர் நாற்காலியில் சாய்ந்திருக்க, அதை நம்பிப் பணம் கொடுத்தவன் கைகட்டி நிற்பதா?

ஆனால் குரலை உயர்த்திவிட்டால் மட்டும் தைரியம் வந்துவிடாது. கத்துகிறவனைச் சமாளிக்க அவர்களுக்கு நன்றாகவே தெரியும். விஷயம் தெரிந்தவனிடம்தான் திணறுவார்கள். ஆகவே முதலில் உன் மெஷினைத் தெரிந்துகொள்.

தேய்மானம் வேறு, பழுது வேறு. கார்பன் பிரஷ் தேய்வதற்கென்றே செய்த பொருள். சுழலும் ஆர்மேச்சரின் செப்புப் பட்டைகளை உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு அது. விலையுயர்ந்த செம்பைக் காப்பாற்றத் தான் தேய்கிறது. அதற்கு வாரண்டி கேட்டு உன் மரியாதையைக் கெடுத்துக்கொள்ளாதே. சக் தளர்வது, ஒயர் உறை கிழிவது போன்றவற்றையும் பெரும்பாலான வாரண்டி அட்டைகள் விலக்கியே வைத்திருக்கும். அட்டையின் பின்பக்கம் எறும்பு ஊர்வதுபோல் அச்சடித்திருப்பார்கள், படி. பிரஷ் தேய்ந்தால் நீயே ஒரு ஜோடி வாங்கி மாட்டு. மாட்டாமல் தீப்பொறி பறக்கப் பறக்க ஓட்டினால் செப்புப் பட்டை கருகும். அப்போது குற்றம் உன் பக்கம் சாய்ந்துவிடும்.

ஆனால் வாங்கி இரண்டு மாதத்தில் கியர் பல் உடைந்தால்? பேரிங் இரைந்தால்? ஆர்மேச்சரில் ஓரிடம் மட்டும் கருகி மற்ற இடமெல்லாம் புதுசாக மின்னினால்? அனுபவப்பட்ட மெக்கானிக் யாரையும் கேள். அளவுக்கு மீறி ஓட்டி எரிந்த மெஷினில் ஆர்மேச்சர் சுருள் பொதுவாகச் சுற்றிலும் ஒரே மாதிரி கறுத்திருக்கும் என்பார். ஓரிடத்தில் மட்டும் எரிந்திருந்தால், அந்த இடத்து இன்சுலேஷனிலேயே குறை இருந்திருக்கலாம். அதனால்தான் சொல்கிறேன், கழற்றாமல் "ஓவர்லோடு" என்று ஒருவர் சொன்னால் அது தீர்ப்பு ஆகாது, வெறும் ஊகம். "என் கண் முன்னாடி கழற்றிக் காட்டுங்க" என்று கேள். நீ மட்டும் கழற்றிவிடாதே; தெருமுனைக் கடையில் திறந்த மெஷினுக்கு வாரண்டி கிடையாது என்பார்கள், அட்டையிலும் அப்படித்தான் இருக்கும்.

கசப்பான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் எப்போதோ ஆணியடிக்கத் துளை போடுவதற்கென்று செய்த மலிவு மெஷினை வாங்கி, நாள் முழுக்கக் கான்கிரீட்டில் ஓட்டியிருந்தால், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வாங்கும்போதே "தொழிலுக்கு வேணும், தினமும் ஓடும்" என்று சொல்லி வாங்கு.

இப்போது சட்டத்துக்கு வருவோம். "நீங்க தொழிலுக்கு வாங்கினவர், நுகர்வோர் சட்டமெல்லாம் உங்களுக்குப் பொருந்தாது" என்று மடக்கப் பார்ப்பார்கள். மடங்காதே! 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்று சொல்லிவிட்டு, கையோடு ஒரு விளக்கமும் தருகிறது: சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கம் ஆகாது. 1995-ல் கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்டுக்கு எதிராக லட்சுமி இன்ஜினியரிங் வொர்க்ஸ் நடத்திய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு முன்பிருந்த நுகர்வோர் சட்டத்தின் இதே விளக்கத்தைத்தான் அலசியது. பெரிய இயந்திரம் வாங்கிய லட்சுமி இன்ஜினியரிங், நுகர்வோர் அல்ல என்று சொல்லப்பட்டுத் தோற்றது. ஆனால் அதே தீர்ப்பு, டைப்ரைட்டர் வாங்கித் தானே தட்டச்சு செய்து பிழைப்பவரும், ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுபவரும் நுகர்வோர்தான் என்றது. டிரில் வாங்கித் தன் கையால் துளை போட்டுச் சோறு தின்னும் நீ வேறு யார்? ஆள் வைத்துப் பெரிய பட்டறை நடத்துபவரின் கதை வேறு; அவர் வக்கீலைப் பார்க்கட்டும்.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று கடைச் சுவரில் மாட்டிய பலகையைக் கண்டு நீ ஏன் பயப்படுகிறாய்? குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்கிறது அதே சட்டம். பில் கொடுக்காததும் அந்தப் பட்டியலில்தான் வருகிறது. "பில் வேணாம்னா முந்நூறு குறைச்சுக்கலாம்" என்று கடைக்காரர் சொல்லும்போது உன் வாய் ஊறுகிறதே, அங்கேதான் நீ தோற்கிறாய். அந்த முந்நூறுக்கு உன் நிமிர்வையே விற்றுவிடுகிறாய். பில்லை வாங்கு, அன்றே ஜெராக்ஸ் எடு. பில் மெஷினில் அடிக்கும் வழவழப்பான தாள் சில மாதத்தில் வெளுத்து வெறுமையாகிவிடும்.

எல்லாம் தெரிந்துகொண்ட பின் உனக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: "வாரண்டி வராதுன்னா, காரணத்தை எழுதிக் கொடுங்க." சத்தம் வேண்டாம், கோபம் வேண்டாம். அதைச் சொல்லிவிட்டு அங்கேயே நில். வாயால் நூறு காரணம் சொல்லுகிறவர், பேனாவை எடுக்கும்போது யோசிப்பார். எழுதினால் அது ஆதாரம். எழுத மறுத்தால், அன்றே நடந்ததைத் தேதி போட்டு நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பு. உன்னால் முடியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் உன் பிள்ளை அனுப்பும். அதுவும் ஆதாரம்தான்.

அதற்கும் அசையவில்லையா? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடு. அதுவும் பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. வேறு ஊரில் வாங்கியிருந்தாலும் அந்த ஊருக்கு அலைய வேண்டியதில்லை. நீ குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் அவகாசம். பொருளைச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிப் பார்க்கும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பில் இழுக்கும், மறைக்கமாட்டேன்.

"ஒரு நாள் கூலி போயிடுமே அண்ணே" என்கிறாயா? போகும். ஆனால் கேட்காமல் விட்டால் புது மெஷின் வாங்க எத்தனை நாள் கூலி போகும் என்று நீயே கணக்குப் போடு. அதைவிடப் பெரிய நஷ்டம், உன்னிடம் ஒருமுறை பலித்த "ஓவர்லோடு" நாளை உன்னைப்போல் இன்னொருவனிடமும் பலிக்கும்.

எழுந்திரு. இன்று இரவே மெஷின் மேல் அப்பியிருக்கும் சிமென்ட் தூசியைத் துடை. சீரியல் எண் தெரிகிறதா பார், செல்போனில் படம் எடு. பில் தேதியிலிருந்து இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று எண்ணு. ஒரு நாள் மிச்சமிருந்தாலும் அந்த நாள் உன்னுடையது. காலையில் முதல் ஆளாகப் போ. மெஷினை மேசைமேல் வை, பக்கத்தில் பில்லை வை. "ஜாப் கார்டு போடுங்க சார்" என்று ஆரம்பி.