தீர்ப்புச் சொன்ன மண்டபம்

ஆட்சி செய்த கட்டடம் ஒன்று நூதனசாலையாகும்போது அது சாட்சியாகிவிடுகிறது. யாருக்குச் சாட்சி என்பதே கேள்வி.

ஜேர்மனியின் லைப்சிக் நகரச் சந்தைச் சதுக்கத்தில் பழைய நகர மண்டபம் இருக்கிறது. மறுமலர்ச்சிக் காலக் கட்டடக்கலையில் அமைந்த இதனை, வணிகரும் நகரத் தலைவருமான ஹியரோனிமஸ் லோட்டர் 1556இல் கட்டத் தொடங்கினார். 1905இல் நகர நிர்வாகம் புதிய மண்டபத்துக்கு மாறியது. 1909 முதல் பழைய மண்டபம் நகர வரலாற்று நூதனசாலை. 1943 டிசம்பர் குண்டுவீச்சில் சேதமுற்றுப் பின்னர் திருத்தப்பட்டது.

1722இல் தோமஸ் பாடசாலைக்கு இசை ஆசிரியர் ஒருவரைத் தேடிய நகரசபை முதலில் விரும்பியது டெலமானை. அவர் வரவில்லை. அடுத்தவரான கிரௌப்னரை அவருடைய பிரபு விடவில்லை. அதன் பின்னரே ஜொஹான் செபஸ்டியன் பாக்குக்கு அந்த இடம் கிடைத்தது. இன்றோ, ஹவுஸ்மன் 1746இல் வரைந்த பாக்கின் உருவப்படம் அதே மண்டபத்தின் பெருஞ்செல்வம்.

மற்றொரு தீர்ப்பும் உண்டு. 1824 ஆகஸ்ட் 27ஆம் திகதி, இந்த மண்டபத்தின் முன்னால், வொய்செக் என்ற ஏழையின் தலை வாளால் துண்டிக்கப்பட்டது. 1821இல் ஒரு பெண்ணைக் கொன்றது அவன் குற்றம். அதனை எவரும் சிறிதாக்க முடியாது. ஆனால், காதில் குரல்கள் கேட்பதாக அவன் சொல்லியிருந்தான். பரிசோதித்த வைத்தியர் கிளாருஸ், அவன் தன் செயலுக்குப் பொறுப்பாளியே என்றார். பின்னாளில் ஜியோர்க் பூஹ்னர் அவன் கதையை நாடகமாக எழுதத் தொடங்கி, முடிக்காமலே 1837இல் இறந்தார். அவன் நோயாளியா, குற்றவாளியா என்ற கேள்வி இன்றும் அடங்கவில்லை.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பாக்கைக் குறைவாக மதித்த பிழையைக் காலம் திருத்திவிட்டது. வொய்செக் விடயத்தில் காலத்தால் கேள்வியைத்தான் எழுப்ப முடிந்தது, தலையைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

மனிதர் தீர்ப்பில் பிழை வருவது இயல்பு. திருத்த இடம் வைக்காத தீர்ப்பே அநீதியாகிறது. இது நகரசபைக்கு மட்டுமான பாடமல்ல. "இவன் படிக்க மாட்டான்" என்று ஒரு பிள்ளையின் மேல் முத்திரை குத்தும் ஆசிரியருக்கும், அயலவனின் குணத்தை ஒரே சொல்லில் முடித்துவிடும் நமக்கும் உரியதுதான். ஆசனத்தில் இருக்கும்போதே நம் பிழையை நாம் காண வேண்டும். நாளை நம் ஆசனமும் கண்ணாடிப் பெட்டிக்குள் போகும். அப்போது பார்க்க வருகிறவர்கள் நம்மிடம் விளக்கம் கேட்க மாட்டார்கள்.