இன்மையைக் காணும் விளக்கு

ஓர் எண் பகா எண்தானா என்று சோதிக்கப் பைத்தான் மொழியில் எழுதப்படும் சிறு நிரலிலே, எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துப் பார்க்கும் 'ஃபார்' கட்டளைக்கு நேர்கீழே 'எல்ஸ்' என்ற சொல் நிற்பதை முதன்முறை காண்பவர் அதை எழுத்துப்பிழை என்றே ஐயுறுவர். உண்மையில் அச்சொல், வகுக்கும் எண் எதுவும் அகப்பட்டுத் தேடல் நடுவில் முறியாமல், கடைசி வரை சென்று வெறுங்கையோடு திரும்பினால் மாத்திரமே செயற்படுவது. கிடைக்கவில்லை என்பதே அங்கே விடை.

இல்லாமையை அறிவது எங்ஙனம் என்பது நம் தத்துவ சாஸ்திரங்களில் பழைய வழக்கு. தரையில் குடம் இல்லை என்ற அறிவு எந்தப் பிரமாணத்தால் வந்தது? பிரத்தியட்சமே என்றனர் நையாயிகர். இல்லாத பொருளோடு கண்ணுக்குச் சம்பந்தம் ஏது என்று மறுத்து, அநுபலப்தி என்னும் காணாமையைத் தனிப் பிரமாணமாகவே கொண்டனர் குமாரிலபட்டரின் வழிவந்த மீமாம்சகரும் அத்வைதிகளும். மணிமேகலையில் அளவைவாதி சொல்லும் பட்டியலிலும் அபாவம் உண்டு. ஆனால் ஒரு நிபந்தனை: பொருள் இருந்திருந்தால் கண்ணில் பட்டே தீரும் என்ற யோக்கியதை வேண்டும். இருட்டறையில் குடம் தென்படாமை எதையும் ஸ்தாபிக்காது.

எண்ணின் அறைக்கு விளக்கு வர்க்கமூலம். 97 இரண்டு எண்களின் பெருக்கமாயின் அவற்றுள் ஒன்றேனும் 10க்குக் குறைந்தே தீரவேண்டும் ஆதலால், 2 முதல் 9 வரை பார்த்துவிட்டு, எங்குமே இல்லை என்று துணிந்து சொல்லலாம். 221ஐ 12 வரை மட்டும் தேடியவனோ, அடுத்த படியிலே 13 உட்கார்ந்திருப்பதை அறியாமல், பகா எண் என்று சத்தியமே செய்துவிடுவான்.

600 இலக்க எண்ணுக்கு இந்த விளக்கை ஏந்திச் செல்ல எந்த யந்திரத்தாலும் ஆகாது. ஆகவே ஃபெர்மாவின் தேற்றத்தைத் துணைக்கொண்டு, வேறு எண்களைச் சாட்சிகளாக அழைத்து விசாரிக்கிறார்கள். 2இன் 340ஆம் அடுக்கை 341ஆல் வகுத்தால் மீதி 1. பகா எண்ணுக்குரிய லட்சணம். ஆனால் 341 என்பது 11ஐ 31ஆல் பெருக்கி வந்தது. 2க்குப் பதிலாக 3ஐக் கேட்டால் மீதி 56, வேஷம் கலைகிறது. 561 இன்னும் சாமர்த்தியசாலி. தன் காரணிகளான 3, 11, 17 ஆகியவற்றோடு உறவில்லாத சாட்சிகள் அனைத்தையும் ஏமாற்றிவிடும். இதற்கென்றே வந்த மில்லர்-ராபின் சோதனையில், பகு எண் எதுவாயினும், நால்வரில் ஒருவருக்கு மேல் ஏமாறுவதில்லை.

குடம் இருந்தால் நால்வரில் மூவரேனும் கண்டிருக்கக்கூடிய அறைக்குள் 40 பேரைத் தனித்தனியே அனுப்பி, 40 பேரும் இல்லை என்றே வந்து சொன்னால், அது அநுபலப்தியா? பந்தயம் கட்டச் சொன்னால் சொத்தையே வைப்பேன். ஆயினும் அதைப் பிரமாணம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 2002இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா ஆகிய மூவரும், காரணியைத் தேடாமலே, மிதமான காலத்தில், ஐயத்துக்கு இடமின்றித் தீர்ப்புச் சொல்லும் வழியைக் கண்டு சொன்னார்கள். அது நடைமுறையில் மெதுவான வழி என்பதால், ரகசியப் பூட்டுகளுக்காகப் பெரிய பகா எண்களைத் தேடும் நிரல்கள் இன்றும் பெரும்பாலும் சாட்சிகளையே கூப்பிட்டுக் கேட்கின்றன.