மறைந்து நிற்பவனின் கடமை
காற்றுத் துப்பாக்கியும் காட்டு வான்கோழி வேட்டையும்: ஓர் அறவியல் நோக்கு

வாலிவதை பற்றிய விவாதம் தமிழறிஞரிடையே இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. மறைந்து நின்று அம்பெய்தது முறையா என்பதே அவ்விவாதத்தின் மையம். வான்மீகியின் காவியத்தில் இராமன் கூறும் விடைகளுள் ஒன்று நுணுகி நோக்கத்தக்கது. விலங்குகளைப் பொறிவைத்தும் மறைந்து நின்றும் கொல்வதை மனிதர் குற்றமாகக் கொள்வதில்லை; வாலியோ ஒரு குரங்கு என்பதே அவ்விடை. இது வாலிக்குப் பொருந்துமா என்று வினவியோர் பலர். விலங்குக்கேனும் பொருந்துமா என்று வினவியோர் சிலரே. தன்னைக் காணாத ஓர் உயிரை நோக்கி ஆயுதம் ஏந்தியவனுக்கு அவ்வுயிர்பாற் கடமை ஏதும் உண்டா என்பதே இங்கு எழும் வினா.

இவ்வினாவை ஆராய்தற்கு வட அமெரிக்காவின் காட்டு வான்கோழி வேட்டை தக்கதோர் எடுத்துக்காட்டாகும். உலகெங்கும் பண்ணைகளில் வளர்க்கப்படும் வான்கோழியின் மூதாதை இக்காட்டுப் பறவையே. எனினும் பண்ணைப் பறவையின் மந்தம் இதனிடம் இல்லை. கூரிய பார்வையும் செவிப்புலனும் உடைய இது, சிறிய அசைவொன்றைக் கண்டாலும் ஓடி மறையும். வேண்டியவிடத்துப் பறக்கவும் வல்லது. ஆதலின் வேட்டைக்காரன் இதனைத் துரத்திச் செல்வதில்லை. இளவேனிற்கால விடியற்பொழுதில், இலைநிற உடையணிந்து, மரமொன்றின் அடியில் அசைவற்று அமர்ந்து, பெட்டைக் கோழியின் குரலைச் சிறு கருவியொன்றால் எழுப்புகிறான். பெட்டையை நாடும் சேவல் அக்குரலை நம்பி அவனை நோக்கி வருகிறது. பறவையின் அச்சத்தை வெல்ல இயலாதவன் அதன் விருப்பத்தைக் கொண்டே அதனை வெல்கிறான்.

இவ்வேட்டைக்கு வழக்கமாகப் பயன்படுவது சன்னத் துப்பாக்கியாகும். ஏறத்தாழ 40 யார் தூரத்துக்குள் சேவல் வந்ததும் அதன் தலையையும் கழுத்தையும் நோக்கிச் சுட, நூற்றுக்கணக்கான சன்னங்கள் அப்பகுதியை மூடுகின்றன. அண்மைக் காலத்திற் சிலர் இதனை விடுத்துக் காற்றுத் துப்பாக்கியைக் கையிலெடுத்துள்ளனர். கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களின் சட்டமும் இதற்கு இடமளிக்கிறது. தகரப்பேணிகளைக் குறிபார்த்துச் சிறுவர் விளையாடும் கருவியாக மட்டும் இதனைக் கருதுதல் பொருந்தாது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஜிரண்டோனி என்பார் ஆக்கிய காற்றுத் துப்பாக்கியை ஒஸ்திரியப் படையினர் ஏந்தினர். 1804 முதல் 1806 வரை அமெரிக்க மேற்குப் பகுதியை ஆராய்ந்த லூயிஸ், கிளார்க் குழுவினரும் காற்றுத் துப்பாக்கி ஒன்றை உடன்கொண்டு சென்றனர். இன்றைய துப்பாக்கிகள் பலவற்றில் வளிமண்டல அமுக்கத்தின் 200 மடங்கும் அதற்கு மேலும் அமுக்கப்பட்ட காற்று அடைக்கப்படுகிறது. ஆயினும், சுடுந்தோறும் வெளிவருவது ஒரேயொரு குண்டு. அதன் வலுவும் சன்னத் துப்பாக்கியின் வலுவோடு ஒப்பிடுமிடத்துப் பொதுவாக மிகச் சிறியது. அது மூளையையோ மேற்கழுத்தின் முள்ளந்தண்டையோ தாக்கினாற் பறவை அவ்விடத்திலேயே விழும். சிறிது விலகினால், காயத்தோடு புதருள் ஓடி, யாரும் காணாதவாறு பின்னொரு வேளையில் இறக்கவும் கூடும்.

வலுக்குறைந்த கருவியைத் தேர்ந்தெடுப்பதற்கு அறவழிப்பட்ட நியாயம் ஒன்று கூறப்படுவதுண்டு. ஸ்பானிய மெய்யியலாளர் ஒர்ட்டேகா இ காசெற் 1942இல் வேட்டை பற்றி எழுதியபோது, ஆயுதங்கள் வளர வளர, மனிதன் தன் மேலாண்மைக்குத் தானே எல்லை வகுத்துக்கொண்டான் என்று விளக்கினார். இரைக்குத் தப்பும் வாய்ப்பே இல்லாதவிடத்து நிகழ்வது வேட்டையன்று. வெறுங்கொலையே என்பது இக்கருத்தின் சாரம். இதன்படி, வலிய ஆயுதத்தைத் துறந்து மெலிய ஆயுதத்தை ஏந்துபவன் பறவைக்கு நீதி செய்பவனாகிறான். முதல் நோக்கில் இவ்வாதம் கவர்ச்சியுடையதே.

ஆனால் ‘வாய்ப்பு’ என்னும் சொல் இங்கு இருபொருள் தருவதைக் கவனித்தல் வேண்டும். சுடுவதற்கு முன்னர் பறவைக்குள்ள வாய்ப்பு ஒன்று. சுட்ட பின்னர் அதற்கு எஞ்சும் வாய்ப்பு வேறொன்று. வேட்டைக்காரன் அண்மையில் வரும்வரை காத்திருக்க வேண்டியிருப்பதும், ஓர் அசைவாற் காலை முழுவதையும் இழப்பதும், வெறுங்கையோடு வீடு திரும்புவதும் முதலாவதைச் சாரும். இவற்றின் விலையை அவனே செலுத்துகிறான். குண்டு வலுவற்றதாயிருப்பதும் அது குறிதவறுவதும் இரண்டாவதைச் சாரும். அதன் விலையைச் செலுத்துவது பறவை. முன்னையது உயிர் தப்பும் வாய்ப்பு. பின்னையது பெரும்பாலும் காயத்தோடு துன்புறும் வாய்ப்பு. தன் திறமையைச் சோதிக்க ஒருவன் மேற்கொள்ளும் நோன்பின் பசியை இன்னொருவன் வயிற்றில் ஏற்றுவது எவ்வாறு நோன்பாகும்? தன்னடக்கத்தின் சுமையைத் தானே தாங்கும்வரையே அது அறம். அச்சுமையைப் பிறிதோர் உயிர்மீது இறக்கியதும் அது தற்பெருமையாகிவிடுகிறது.

அவ்வாறாயின், வலிமை மிக்க ஆயுதமே அறம்மிக்க ஆயுதம் ஆகாதா என ஒருவர் வினவலாம். அம்முடிபும் பிழையானதே. சன்னத் துப்பாக்கி ஏந்தியவனும் எல்லை கடந்த தூரத்திற் சுட்டுப் பறவையைக் காயப்படுத்தக்கூடும். காற்றுத் துப்பாக்கியோ, தூரத்தை வெகுவாகக் குறைத்து, பறவை தலையை நிமிர்த்தி அசைவற்று நிற்கும் கணத்துக்காகக் காத்திருப்பவன் கையிற் பிழையாது தொழிற்படும். ஆகவே அறம் கருவியின்பாற் தங்கியிருப்பதன்று; கருவியின் எல்லையை அறிந்து அவ்வெல்லைக்குள் நிற்பதிலேயே தங்கியுள்ளது. கருவி மெலியுந்தோறும் ஏந்துபவனின் கடமை வலுக்கிறது என்பதே இதன் உட்கிடை.

இவையனைத்துக்கும் அப்பால், கொல்லாமையே முதலறம் என்பாரின் மறுப்பு நிற்கிறது. எவ்வாறு கொல்வது என்ற ஆராய்ச்சி, கொல்லலாமா என்ற வினாவை மறைக்கும் திரையே என்பர் அவர். இம்மறுப்பை எளிதில் ஒதுக்குதல் இயலாது. வேட்டையை ஆதரிப்போர் வரலாற்றைச் சான்று காட்டுவர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகையான வேட்டையாலும் காடழிப்பாலும் அருகிப்போன காட்டு வான்கோழி, பின்னர் பிடித்துப் புதிய காடுகளில் விடப்பட்டுப் பல இலட்சங்களாகப் பெருகியது. துப்பாக்கிகள்மீதும் வெடிபொருள்கள்மீதும் விதிக்கப்பட்ட வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 1937ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் துணைநின்றது. இது உண்மையே. ஆயினும் இனத்துக்குச் செய்த நன்மை, காயப்பட்டு ஓடும் தனிப்பறவைக்கு ஆறுதலாவதில்லை. வேதனையை அனுபவிப்பது இனமன்று, உயிரே. மறுபுறத்தில், இறைச்சியைக் கடையில் வாங்கி உண்பவன் வேட்டைக்காரனைப் பழித்தலும் பொருந்தாது. வாங்குவோர் உள்ளமையாலேயே கொல்வோரும் உளர் என்பதை வள்ளுவர் புலான்மறுத்தலிற் சுட்டியுள்ளார். கொலையைக் கண்ணாற் காண்பவனும் காணாதவனும் அதிற் பங்காளரே. கண்ணாற் காண்பவனுக்கு அதன் தன்மையை மாற்றும் ஆற்றல் கூடுதலாக உண்டு என்பதே வேறுபாடு.

சட்டம் ஆயுதத்தின் வகையையும் குண்டின் பருமனையும் வேட்டைக் காலத்தையும் வரையறுக்கலாம். சேவல் தலையைச் சற்றே அசைத்த கணத்தில், விசையின்மேல் வைத்த விரலை எடுத்துவிடுமாறு அது ஆணையிட இயலாது. வேட்டைக்காரனின் செயலைப் பார்த்துப் போற்றவோ இகழவோ காட்டில் எவருமில்லை. அவன் மனச்சாட்சியே அவனுக்கு நடுவர் என்று அல்டோ லெயோப்போல்ட் 1949இல் வெளிவந்த தம் நூலில் உணர்த்தினார். சுடாது விட்ட சூட்டுக்குச் சாட்சி எவருமில்லை. காப்பாற்றப்பட்ட பறவைகூட அதனை அறியாது. மறைந்து நிற்பவனைப் பறவை காண்பதில்லை. அதனாலேயே அவன் தன்னைத் தான் கண்டுகொண்டிருத்தல் வேண்டும். விலங்கென்றால் மறைந்து நின்று கொல்வது குற்றமில்லை என்ற பழைய விடைக்கு, கொல்லாமையை ஏற்கவியலாத மனிதன் தரக்கூடிய மிகக் குறைந்த திருத்தம் இதுவேயாகும்.