இயந்திரம் மாறிய வண்டி

தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த மடுல்கெல்லையில் ஒருவர், தந்தையார் ஓட்டிய மொறிஸ் மைனர் பிக்கப் வண்டியைத் தம் வீட்டு முற்றத்திலேயே புதுப்பிக்கின்றார் எனக் கொள்வோம். 1970களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றுபோன வண்டி அது. துருவேறிய தகடுகளை வெட்டியெடுத்துப் புதியன பற்றவைக்கின்றார். தேய்ந்துபோன 1098 கன சென்ரிமீற்றர் இயந்திரத்தைக் கழற்றிவிட்டு, வலிமை மிக்க யப்பானிய இயந்திரமொன்றைப் பொருத்துகின்றார். இப்பொழுது முற்றத்தில் நிற்பது தந்தையாரின் வண்டிதானா?

இவ்வினா பழையது. பலகைகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்ட தீசியசின் கப்பல் பழைய கப்பல்தானா என மெய்யியலாளர் பிணங்கியதைப் புளூட்டாக் குறிப்பிடுகின்றார். பாளி நூலாகிய மிலிந்த பஞ்ஹவில் நாகசேனர், சக்கரமோ அச்சோ தனித்துத் தேராகாது. உறுப்புக்களின் சேர்க்கையைச் சார்ந்து வழங்கும் பெயரே தேர் என விளக்குகின்றார். அவ்வாறாயின் இயந்திரமும் ஓர் உறுப்பேயன்றி வண்டியின் உயிரன்று.

எனினும், அடையாளத்தோடு வினா முடிந்துவிடுவதில்லை. மைனரின் நான்கு சக்கரங்களிலும் இருப்பவை டிரம் பிறேக்குகள். பழைய சிறிய இயந்திரத்தின் வேகத்துக்கு அமைந்தவை. அவற்றை அப்படியே விட்டு வலிய இயந்திரத்தை ஏற்றுபவர், மலைப்பாதை வளைவில் எதிரே நடந்துவரும் தொழிலாளியின் உயிரைப் பணயம் வைக்கின்றார். மாற்றிய இயந்திரத்தின் இலக்கத்தைப் பதிவிற் காட்டாது வண்டியை விற்பவர், வாங்குபவரை ஏமாற்றுகின்றார்.

வலிமையைக் கூட்டுபவர் அதனை அடக்கும் ஆற்றலையும் கூட்டுதல் வேண்டும், மாற்றியதை மறைத்தலாகாது. ஏறியவரைப் பத்திரமாக இறக்குவதே தந்தையார் அவ்வண்டியோடு ஏற்ற கடமை. அக்கடமை தொடருமாயின், வண்டியும் தொடர்கின்றது.