தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லல்

பொய் தீதென்பதை ஒப்பாதார் உலகில் இல்லை. பொய்யன் என்று பிறர் தன்னை அழைப்பதைப் பொய்யனும் விரும்பான். ஆயினும் மெய்க்கும் பொய்க்கும் நடுவே ஒரு பேச்சு உண்டு. அதனைப் பேசுபவன் தான் சொல்வது பொய்யென்று அறியான், மெய்யென்றும் அறியான். அறியாமலே, அறிந்தவன் குரலில் உறுதியாகச் சொல்லி விடுகிறான். கேட்பவன் அக்குரலை நம்பிக் காரியத்தில் இறங்கி, பொருளையும் காலத்தையும் இழக்கிறான். இங்ஙனம் பேசுதல் குற்றமா? குற்றமாயின் அஃது யாருடைய குற்றம்? இக்கேள்வியை ஆராய மேடைகளையும் மடங்களையும் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. பெட்டாலிங் ஜெயாவிலுள்ள ஒரு கேமராக் கடையின் கண்ணாடி மேசையே போதும்.

அந்நகரை அறியாத தமிழர் கிள்ளான் பள்ளத்தாக்கில் இரார். கோலாலம்பூரின் நெரிசலைக் குறைக்கும் பொருட்டு 1950களின் தொடக்கத்தில், ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் எழுப்பப்பட்ட ஊர் அது. 2006ஆம் ஆண்டு ஜூன் 20இல் மாநகர் என்னும் தகுதி பெற்றது. எபிங்ஹாம் தோட்டத்தின் மரங்கள் போய்விட்டன. அத்தோட்டத்தின் பெயர் பண்டார் உத்தாமாவிலுள்ள தமிழ்ப்பள்ளியில் மட்டும் எஞ்சி நிற்கிறது. இத்தகைய தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்நகரின் வணிக மாளிகைகளில் வாங்குவோராகவும் நிற்கின்றனர், விற்போராகவும் நிற்கின்றனர். மேசைக்கு இப்பாலும் அப்பாலும் நம்மவரே இருத்தல் கூடும் என்பதை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

கிள்ளானிலிருந்து ஒரு தந்தை வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய மகளுக்குப் பிரிக்பீல்ட்ஸ் மண்டபமொன்றில் பரதநாட்டிய அரங்கேற்றம். அதனைத் தம் கையாலேயே படமெடுக்க வேண்டுமென்பது அவர் ஆசை. “தம்பி, மண்டபத்தில் விளக்கொளி குறைவு. பிள்ளை ஆடிக்கொண்டே இருப்பாள். எந்தக் கேமரா நல்லது?” என்று கேட்கிறார். மேசைக்குப் பின் நிற்கும் இளைஞன் சற்றும் தயங்காது, “இதை எடுத்துக்கொள்ளுங்கள் அண்ணே. மெகாபிக்சல் இதில்தான் அதிகம். இருட்டிலும் பளிச்சென்று விழும். கை அசைந்தாலும் படம் அசையாது” என்கிறான். தந்தை பணத்தை எண்ணி வைக்கிறார்.

அவ்விளைஞன் சொன்ன மூன்றையும் நிறுத்துப் பார்ப்போம். மெகாபிக்சல் என்பது படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கை இரட்டித்தால் படத்தின் நீளமும் அகலமும் ஏறக்குறைய 1.4 மடங்கே பெருகும். இருட்டில் ஒளி மிகுதியாய்ச் சேருவதற்கு அவ்வெண் வழி செய்யாது. ஒளி மிகுவது லென்சின் வாய் அகன்றிருப்பதைப் பொறுத்தது. கேமராவுடன் சேர்த்து மலிவாகக் கொடுக்கப்படும் லென்சு, தொலைவிலுள்ளதை அருகே இழுக்கும்போது பெரும்பாலும் எஃப் 5.6 என்னும் அளவுக்குச் சுருங்கிவிடும். எஃப் 2.8 அளவுள்ள லென்சு அதைப்போல் நான்கு மடங்கு ஒளியை உள்ளே விடும். மூன்றாவதாக, அசைவைத் தடுக்கும் பொறி பிடித்திருப்பவர் கையின் நடுக்கத்தைத் தணிக்குமேயன்றி, ஆடுகின்ற பெண்ணின் காலை நிறுத்தாது. ஆகவே அத்தந்தை வீட்டுக்குக் கொண்டு வருவன மங்கிய படங்களும் கலங்கிய முகங்களுமே. கேமராவை மாற்றிக்கொள்ளலாம்; அரங்கேற்றத்தை மறுமுறை நடத்துதல் கூடுமோ?

இழந்த பொருளும் சிறிதன்று. 2025ஆம் ஆண்டு முதல் மலேசியாவில் குறைந்தபட்ச மாத ஊதியம் 1,700 வெள்ளி. நடுத்தரமான ஒரு புதுக் கேமராவும் லென்சும் அவ்வூதியத்தைப்போல் இரண்டு மூன்று பங்கு விலை கேட்கும். உழைப்பாளி ஒருவனின் இரண்டு மூன்று மாத வியர்வை, ஒரு நிமிட உறுதிமொழியால் கரைந்து போகிறது.

“அவன் பொய் சொல்லவில்லையே, தனக்குத் தெரிந்ததைச் சொன்னான், நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்” என்று சிலர் பரிந்து பேசுவர். இவ்வாதத்தை 1877ஆம் ஆண்டிலேயே கிளிஃபோர்டு என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் ‘நம்பிக்கையின் அறம்’ என்ற பொருள் பற்றிய தமது கட்டுரையில் எடுத்து ஆராய்ந்தார். அவர் காட்டும் எடுத்துக்காட்டு இது: ஒரு கப்பல் முதலாளி குடிபெயர்வோரை ஏற்றித் தன் பழங்கப்பலை அனுப்பப் போகிறான். அது பழுதுற்றது என்னும் ஐயம் அவன் உள்ளத்தில் எழுகிறது. சோதித்துப் பார்க்காமல், ‘இதுவரை எத்தனையோ முறை போய் வந்ததே’ என்று அவ்வையத்தை அமுக்கிவிட்டு, உண்மையாகவே நம்பி, வாழ்த்தி அனுப்புகிறான். கப்பல் நடுக்கடலில் மூழ்குகிறது. அவன் நம்பிக்கை உண்மையானதே. ஆயினும் அங்ஙனம் நம்ப அவனுக்கு உரிமையில்லை என்பார் கிளிஃபோர்டு. கப்பல் மூழ்காமல் கரை சேர்ந்திருந்தாலும் அவன் குற்றவாளியே. அகப்படாத குற்றவாளி, அவ்வளவே. ரஜுலாக் கப்பலில் வந்திறங்கிய முன்னோரை உடைய நமக்கு இவ்வெடுத்துக்காட்டின் கனம் எளிதில் விளங்கும்.

கப்பலும் கேமராவும் ஒன்றாகுமா எனலாம். கேட்டின் அளவு வேறு என்பதை ஒப்புகிறோம். குற்றத்தின் இனம் ஒன்றே. ஆராயாமல் உறுதி கூறும் நாக்கு, இன்று கேமரா விற்கும். நாளை மருந்து விற்கும். மறுநாள் காப்புறுதியும் காணித்துண்டும் விற்கும். சிறியதில் பழகிய நாக்குப் பெரியதில் திருந்துவது அரிது.

சட்டமும் இதனை ஒப்புகிறது என்பதை நம்மவரில் பலர் அறியார். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவு, பிழைபடக் கூறல் இன்னதென்று வகுக்கிறது. உண்மையல்லாத ஒன்றை, தனக்குள்ள செய்தி இடந்தராத அளவுக்கு உறுதியாக ஒருவன் கூறுவானாயின், அதனை அவன் மெய்யென்றே நம்பியிருப்பினும் அது பிழைபடக் கூறலாகும் என்பதே அதன் கருத்து. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் அவ்வாறே சொல்கிறது. மேலும், 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, வாங்குவோன் தன் தேவை இன்னதென்று தெரிவித்து, விற்போனின் திறமையை நம்பி வாங்கினால், அப்பொருள் அத்தேவைக்கு ஏற்றதாயிருத்தல் வேண்டும் என்று விதிக்கிறது. நம்முடைய தந்தை, “மண்டபத்தில் ஒளி குறைவு” என்று வாய்விட்டுச் சொன்னபோதே அவ்விதி உயிர் பெற்றுவிட்டது.

ஆகவே குற்றம் உண்டு. இனி, அது யாருடையது என்று காண்போம்.

அந்த இளைஞனையே பிடித்து உலுக்குவது எளிது. அவன் நிலையைச் சற்று நோக்குங்கள். அவன் படிவம் ஐந்து முடித்துவிட்டு வேலைக்கு வந்தவனாயிருக்கலாம். பல நிறுவனங்களின் பற்பல கருவிகளை அவன் முன் அடுக்கிவிட்டு, ஒரு நாளேனும் அவற்றைக் கையில் பிடித்துப் படமெடுத்துப் பழக முதலாளி விடுவதில்லை. அடிப்படை ஊதியம் சிறிது, விற்றால் கமிஷன். தேங்கிக் கிடக்கும் சரக்கை முதலில் தள்ளு என்பது அவனுக்கு இடப்பட்ட கட்டளை. இந்நிலையில் அவன், “எனக்குத் தெரியாது” என்று சொன்னால் வாங்க வந்தவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார், கமிஷன் போகும், முதலாளியின் ஏச்சும் கிடைக்கும். தெரிந்ததுபோல் பேசினாலோ பணம் வரும். உண்மைக்குத் தண்டமும் வெற்றுரைக்குப் பரிசும் வைத்துவிட்டு, மேசைக்குப் பின் நிற்பவன் மட்டும் அரிச்சந்திரனாயிருத்தல் வேண்டும் என்று எதிர்பார்ப்பது என்ன நியாயம்?

எனவே முதற்குற்றவாளி, கற்பிக்காமல் அவனை அங்கே நிறுத்தி வைத்த முதலாளியே. திருவள்ளுவர் வணிகரின் அறத்தை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்தார். துலாக்கோலை உவமை காட்டியதும் அவ்வதிகாரத்திலேயே. நிறையில் குறையாதவன் நேர்மையான வணிகன் என்று நாம் எண்ணி வந்தோம். அரிசியும் பருப்பும் விற்ற நாளில் அது போதும். உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியாத கருவிகளை விற்கும் இந்நாளில், விற்போன் சொல்லும் சரக்கின் ஒரு பாகம். சொல்லில் குறை வைப்பவன் நிறையில் குறை வைப்பவனே ஆவான்.

இளைஞனை முற்றிலும் விடுவித்தோம் என்று கருதவேண்டா. அச்சம் அவன் பிழைக்குக் காரணமாகும், நியாயமாகாது. “கேட்டுச் சொல்கிறேன், அண்ணே, சற்றுப் பொறுங்கள்” என்று சொல்ல அவனுக்கு வாயுண்டு. தெரியாததை ஒப்புவோனிடம் மீண்டும் வருவோர் பலர் என்பதை நாளடைவில் அவனும் காண்பான்.

வாங்குவோராகிய நம் பங்கு என்ன? நம்முள் இருவகையார் உளர். ஒருவகையார் கடைக்காரர் சொல்லைத் தெய்வ வாக்காகக் கொள்வர். பிறர் சொன்னதை ஆராயாது ஏற்கும் பழைய வழக்கத்தை, கோயிலில் விட்டுவிட்டுக் கடையில் பிடித்துக்கொண்டவர்கள் இவர்கள். சட்டமும் இவர்களுக்கு ஓரளவே துணை நிற்கும். சாதாரண முயற்சியால் உண்மையை அறிந்திருக்கக்கூடியவன், பிழைபடக் கூறினர் என்று காட்டி ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது என ஒப்பந்தச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஒரு விலக்கும் வைத்திருக்கிறது.

மற்றொரு வகையார் நாலெழுத்துப் படித்துவிட்டு, தம் அறிவைக் காட்டுதற்கென்றே கடைக்கு வருபவர்கள். தாம் முன்னமே அறிந்ததைக் கேள்வியாக்கி, அப்பிள்ளை திணறும்போது, பிறர் காதில் விழும்படி நகைப்பர். இவர்களுட் சிலர் தம்மைச் சாக்ரட்டீஸ் என்றும் எண்ணிக்கொள்வர். ஆனால் சாக்ரட்டீஸ் மடக்கி வினவியது ஏதென்சில் பேரும் செல்வாக்கும் பெற்றிருந்த அரசியலாரையும், புலவரையும், தம் தொழிலை நன்கறிந்ததாலேயே எல்லாம் அறிந்தோம் என்று நினைத்த கைவினைஞரையும் ஆகும். அதற்கு அவர் கொடுத்த விலை கி.மு. 399இல் தம் உயிர். திருப்பிப் பேச உரிமையற்ற ஒரு கூலிக்காரப் பிள்ளையை அவமதிப்பதற்கு வீரமும் வேண்டா, ஞானமும் வேண்டா. அவமதிக்கப்பட்டவன் அன்று கற்றுக்கொள்வது கேமராவைப் பற்றி அன்று; அடுத்தவரிடம் இன்னும் உரத்து உறுதி கூற வேண்டும் என்பதையே அவன் கற்கிறான்.

இன்னுமொரு குற்றம் நம்மிடம் உண்டு. உண்மையில் அறிவுள்ள விற்பனையாளரிடம் ஒரு மணி நேரம் விளக்கம் கேட்டுவிட்டு, பத்து வெள்ளி மலிவென்று இணையத்தில் வாங்குவோர் எத்தனை பேர்! ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர் சங்கத்தின் கணக்குப்படி, 2010ஆம் ஆண்டில் 12 கோடிக்கு மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சந்தைக்கு அனுப்பப்பட்டன. 2023இல் அத்தொகை 80 இலட்சத்துக்கும் குறைந்துவிட்டது. கைப்பேசி அந்த வணிகத்தை விழுங்கிவிட்டது. எஞ்சிய வருவாயில் முதலாளி முதலில் வெட்டுவது, பல்லாண்டு பழகிய விற்பனையாளரின் ஊதியத்தையே. அறிவுக்கு விலை கொடுக்க மறுத்துவிட்டு, கடையில் அறிவில்லையே என்று அழுதல் பொருந்தாது. ஒருவரிடம் அறிவைப் பெற்றோமாயின், விலையில் சிறு வேற்றுமை இருப்பினும் அவரிடமே வாங்குதல் கடன் தீர்த்தலாகும்.

ஆயின், கடையில் எங்ஙனம் நடந்துகொள்வது? தேவையைத் தெளிவாகச் சொல்லுங்கள்: யாரை, எவ்விடத்தில், எவ்வொளியில் படமெடுக்கப் போகிறோம் என்று. அவர் ஒன்றை உறுதியாகச் சொன்னால், “காட்டுங்கள், தம்பி” என்று அன்போடு கேளுங்கள். கடையின் இருண்ட மூலையில் ஒருவரை நடக்கச் சொல்லி, அங்கேயே படமெடுத்துப் பாருங்கள். “தெரியாது” என்று அவர் சொல்வாராயின் முகஞ்சுளிக்காமல் நன்றி கூறுங்கள்; அச்சொல்லுக்கு நம்மால் கொடுக்கக்கூடிய கூலி அதுவே. முக்கியமான உறுதிமொழியை விற்பனைச் சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். உறுதியில்லாத நாக்குப் பேனாவைக் கண்டால் தயங்கும். அதன் பின்னும் ஏமாற்றம் நேர்ந்தால், சிப்பந்தியிடம் சண்டையிடாது முதலாளியிடம் போங்கள். அவர் செவி சாய்க்கவில்லையெனில், பயனீட்டாளர் கோரிக்கைகளுக்கென அரசு அமைத்த தீர்ப்பாயம் இருக்கிறது. அங்கே மனுக் கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகள் விசாரிக்கப்படும். வழக்கறிஞர் வைத்து வாதாட வேண்டிய செலவும் இல்லை. தோட்டத்து உழைப்பாளியும் தன் வழக்கைத் தானே சொல்லலாம்.

முடிவாக ஒன்று கூறுவோம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் கடையில் தொடங்குவதன்று. வகுப்பில் ஆசிரியர் கேள்வி கேட்கிறார். “தெரியாது, ஐயா” என்ற பிள்ளைக்கு ஏச்சு விழுகிறது. எதையாவது சொல்லிச் சமாளித்த பிள்ளை உட்கார்ந்துவிடுகிறது. வீட்டிலும் மகன் கேட்டது நமக்கு விளங்காதபோது, “போடா, அதெல்லாம் உனக்கெதற்கு?” என்று நம் அறியாமையை மறைத்துக்கொள்கிறோம். இவ்விரண்டையும் பார்த்து வளர்ந்த பிள்ளைதான் பின்னொரு நாள் பெட்டாலிங் ஜெயாவில் மேசைக்குப் பின் நின்று, கிள்ளானிலிருந்து வந்தவருக்கு, “இருட்டிலும் பளிச்சென்று விழும்” என்று உறுதி கூறுகிறான். அவனைத் திருத்த விரும்புவோர், இன்று மாலை தம் குழந்தை ஏதேனும் கேட்கும்போது, விடை அறியாராயின், “எனக்குத் தெரியாது, வா, இருவரும் தேடிப் பார்ப்போம்” என்று சொல்லட்டும்.